கசிந்து போன நீலம்

டிராம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன.

சாங்சுன் நகரத்து ஜூலை மழைக்கு நேரம் காலமே கிடையாது. மத்தியான வேளையிலேயே வானம் மையைக் கொட்டினாற்போல் கறுத்து, இடி இடித்து, மின்சாரத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஐம்பத்து நான்காம் நம்பர் டிராமுக்குள் ஈரக் குடைகளும் ஈர மனிதர்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

"யாரும் அசையாதீங்க! தயவு செஞ்சு காலைத் தூக்காதீங்க!"

ஒரு ஆண் குரல். தெற்கத்தி இழுவை கொஞ்சம் இருந்தது அதில். குவான் ருயீ தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். பாம்பு கீம்பு ஏதாவது...?

"என்ன ஆச்சு?"

"என் லென்ஸ் விழுந்துடுச்சு. கண்ணுல போடற லென்ஸ்."

சுற்றிலும் பெருமூச்சு. யாரோ ஒருவர், "இதுக்கா உயிரை வாங்கற?" என்றார். ஐந்தாறு போன்கள் வெளிச்சம் காட்டின. பிரயோஜனமில்லை. தரையெல்லாம் மழைத்தண்ணீர். ஒவ்வொரு துளியும் லென்ஸ் மாதிரியே மினுங்கியது.

"எல்லாரும் போனை அணைங்க" என்றாள் ருயீ. வடகிழக்குப் பெண், குரலைத் தணித்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பையைத் துழாவி விரல் நீளத்துக்கு ஒரு டார்ச்சை எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் புற ஊதா வெளிச்சம் அடிக்க வைத்திருப்பது. "தண்ணி இதுல மினுங்காது. லென்ஸ் மினுங்கும்... மினுங்கணும்."

டார்ச்சைப் போட்டாள். டிராமே "அடேயப்பா!" என்றது. வெள்ளைச் சட்டைகள், ஷூ கயிறுகள், ஒரு அம்மாளின் கைக்குட்டை எல்லாம் நீலமாய் எரிந்தன. எதிரே இருந்த பெரியவர் சிரித்தார். பற்களெல்லாம் பளீரென்று ஒளிவிட, முன்பல் இரண்டு மட்டும் கறுப்பாய் நின்றன.

"ஐயா, அந்த ரெண்டும் கட்டின பல்லு போல..."

பெரியவர் டக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

தரையில் லென்ஸ் இல்லை. இருக்கையில் இல்லை. மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள் ருயீ... பெரிய கண்கள். எதையும் பிடிக்க முடியாமல், அவள் முகத்தைத் தாண்டி எங்கேயோ அலைந்துகொண்டிருந்த கண்கள். மழையில் நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை...?

"அசையாதீங்க" என்றான் அவன் மெல்ல.

"நானா?"

"உங்க கையில ஏதோ மங்கலா தெரியுது."

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய மழைக்கோட்டின் கைப்பித்தான் மேல், சின்னஞ்சிறு நீலப் பிறை போல அந்த லென்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது! அவன் முகத்தை அவள் மணிக்கட்டருகே கொண்டுவந்து, மூச்சை அடக்கி, விரல் நுனியால் எடுத்தான். அவள் மூச்சும் அடங்கித்தான் போயிற்று.

"இன்னொரு கண்ணு?"

"அது காலையிலேயே மழையில போச்சு. இப்போ நீங்க எனக்கு ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, அதுக்கு மேல ஒரு குரல்... அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு. நான் அவ்வளவு அழகு இல்ல."

"குரல் பொய் சொல்லுதே."

பெரியவர் வாயை மூடியபடியே சிரித்தார். ருயீக்குக் காது சுட்டது. பேச்சை மாற்றுவதற்காகவோ, கொஞ்சம் பெருமைக்காகவோ, பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து டார்ச்சைக் காட்டினாள். மங்கிய பழுப்புத் தண்ணீர் ஒரே கணத்தில் நீலமாய்ப் பற்றிக்கொண்டது. டிராம் முழுக்க அந்த நீலம். கண் சரியாகத் தெரியாத அவன்கூட வாயைப் பிளந்தான்.

"என்னங்க இது?"

"ரகசியம். சீக்கிரமே பேப்பர்ல வரும், அப்போ படிச்சுக்கோங்க."

விளக்குகள் எரிந்தன. டிராம் நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கி ஓடிவிட்டாள். பேர்கூடக் கேட்கவில்லையே என்று உறைத்தபோது டிராம் மழைக்குள் மறைந்திருந்தது.

*

மறுநாள் காலை கருத்தரங்கு. பேராசிரியர் வென் சார் முதல் வரிசையில். அவர் பக்கத்தில் ஷென்ஜென் நகரத்துக் கம்பெனியிலிருந்து வந்த மூன்று பேர். விஷயம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த வாரமே ஒப்பந்தம்.

ருயீ பேச ஆரம்பித்தாள். நான்கு வருஷ உழைப்பு. சிட்ரிக் அமிலத்தையும் அமீன் வகை ரசாயனம் ஒன்றையும் இரும்புக் குடுவையில் அடைத்து அடுப்பில் வேகவைத்து அவள் செய்த கார்பன் புள்ளிகள். கண்ணுக்குத் தெரியாத கரித்துணுக்குகள். அவற்றை மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் கொடுத்தால் நீல வெளிச்சம். விஷ உலோகம் இல்லை, விலை உயர்ந்த தாதுப்பொருள் இல்லை. வெறும் கரி தருகிற எல்.ஈ.டி. மேசை மேல் வைத்திருந்த சின்னச் சில்லில் பேட்டரியைத் தொட்டாள்... நீலம். கைதட்டல்.

கடைசி வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தன் மட்டும் கைதட்டவில்லை. ஆச்சரியமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இமைகள்...! ருயீயின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவளை மீறி உதட்டில் சிரிப்பு வந்தது.

"தெற்கே சாங்ஷாவிலேருந்து வந்திருக்கார், டாக்டர் பெங் லெய்" என்றார் வென் சார். "நம்ம லேசர்ல ஒரு மாசம் அளவெடுக்க வந்திருக்கார். கேள்வி இருக்கா, லெய்?"

அவன் எழுந்தான். கொஞ்சம் தயங்கினான்.

"சுத்தம் பண்ண சவ்வுப் பையில போட்டுத் தண்ணியில தொங்க விட்டீங்க இல்லையா... எத்தனை நாள்?"

"ஒரு ராத்திரி."

"பையிலேருந்து வெளிய கசிஞ்ச தண்ணி... அதுல விளக்கு அடிச்சுப் பார்த்தீங்களா?"

 ருயீயின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. புரியாதவளா அவள்? கரித்துணுக்கு பெரியது, பைக்குள்ளேயே தங்கும். வேகும்போது பக்கத்தில் உண்டாகும் சின்ன மூலக்கூறுகள் வெளியே கசியும். வெளித்தண்ணீர் மினுங்கினால்... அந்த நீலம் கார்பனுடையதே அல்ல. சாதாரணச் சாயம். அவ்வளவுதான்.

வெளித்தண்ணீரை அவள் பார்க்கவில்லை. தொட்டியில் கொட்டிவிட்டாள்.

ஷென்ஜென்காரர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். வென் சாரின் பின்கழுத்து சிவந்தது. ருயீக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாங்ஷாவுல பாத்திரம் கழுவின தண்ணியைக்கூட விளக்கு வெச்சுத்தான் பார்ப்பாங்களோ?"

கொல்லென்று சிரிப்பு. அவன் முகம் சுருங்கியது. உட்கார்ந்தான்.

வெளியே நடைவழியில் அவனை மறித்தாள்.

"நான் யாருன்னு தெரிஞ்சுதா?"

"நீங்க முதல் வார்த்தை பேசினப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா கேட்டீங்க? அத்தனை பேர் முன்னாடி?"

"தெரியாதவங்களா இருந்தா பின்னாடி தனியா கேட்டிருப்பேனோ என்னவோ..." அவன் தடுமாறினான். "இல்ல, அப்படி இல்ல. கேள்வி வந்துச்சு. கேட்டுட்டேன். உங்ககிட்ட பதில் இருக்கும்னு நினைச்சேன்."

"இருக்கு. கொண்டுவந்து உங்க மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

"காட்டுங்க" என்றான் அவன். கேலி இல்லை அதில். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

*

அவனைத் தோற்கடிக்கத்தான் புதுச் சவ்வுப் பையைக் கட்டினாள். ஓயாங்... அவளுடைய ஆய்வுக்கூடத்துத் தோழி, வாயாடி... பக்கத்தில் நின்று சூரியகாந்தி விதை கொறித்தாள்.

"அக்கா, இது கோபத்துல கட்டற முடிச்சு மாதிரி தெரியலையே. ரொம்ப ஆசையா கட்டற மாதிரி இருக்கே?"

"வாயை மூடு."

"பேர் லெய்யாம். லெய்ன்னா இடி! பேர்லயே இடி வெச்சிருக்கான்..."

"தலையில விழுந்துடுச்சே, பார்த்தல்ல?"

நாள்தோறும் தண்ணீரை மாற்றினாள். இந்தத் தடவை கொட்டவில்லை. வாளி வாளியாகச் சேர்த்துவைத்தாள். அந்த வாரத்துக் கடைசியில் ஒரு முற்பகல், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, பையில் இருந்ததை ஒரு கண்ணாடி முகவையில் ஊற்றி டார்ச்சைப் போட்டாள்.

ஒன்றுமில்லை. மங்கிய பழுப்பு. தேநீர்க் கசண்டு மாதிரி.

டார்ச்சை வாளிப்பக்கம் திருப்பினாள்.

வாளி எரிந்தது! நீலம்... அவளுடைய நீலம். நான்கு வருஷமாகக் கனவில் வந்த நீலம். எல்லாம் வெளியே கசிந்து, வாளியில் ததும்பிக்கொண்டிருந்தது. அந்த நீலம் அவள் முகத்தில், சுவரில், கூரையில் ஆடியது.

ஓயாங் கையிலிருந்த விதைகளைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா..."

ருயீயின் காதுக்குள் ஏதோ இரைந்தது. அழுகைகூட வரவில்லை. நாற்காலி எங்கே என்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்தாள். அப்போ... என் எல்.ஈ.டி.? என் பட்டம்? பெருமையாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிற அம்மா? எல்லாமே ஏதோ ஒரு சாயம். கார்பன் இல்லை. ஒருநாளும் கார்பனாக இருந்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. லெய். கையில் இரண்டு காகிதக் கோப்பை சோயாப்பால். உள்ளே எட்டிப் பார்த்தவன் வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் வெற்றி இல்லை. ரத்தமே வற்றிப்போன மாதிரி வெளுத்திருந்தது.

ஓயாங் நைசாக வெளியேறினாள்.

"சந்தோஷமா?" என்றாள் ருயீ.

"இல்ல." அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். "நான் தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

 வெளியே பாப்ளார் மரங்களில் மழை சலசலத்தது. பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கம்பெனிக்காரங்க என்னை ஆலோசகரா வெச்சு அபிப்ராயம் கேட்டிருக்காங்க. நாளன்னிக்குக் கையெழுத்து. நான்... திருப்தியான பதில் கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடறேன். உன் பட்டம் முடியட்டும். அப்புறமா மெதுவா வெளிய சொல்லிக்கலாம். யாருக்கும் தெரியாது."

ருயீ அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாளியைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி இப்போதுதான் வந்தது.

"பொய் சொல்றேங்கறீங்களா? நீங்களா?"

"உனக்காக..."

"எனக்காகவா? யார் கேட்டா?" அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு அந்தக் கேள்வி கேட்டப்போ உங்களை எனக்குப் பிடிக்கல. கழுத்தை நெரிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா மதிச்சேன். ராத்திரி படுத்தா அந்த மதிப்புதான் ஞாபகம் வந்து தொலைச்சுது. இப்போ அதையும் எடுத்துட்டுப் போறீங்களே..."

லெய் கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி எழுந்தான். சோயாப்பால் கோப்பைகள் இரண்டும் தரையிலேயே ஆறிப்போயின.

*

கையெழுத்து நாளன்று கூட்ட அறையில் சிவப்பு மேசைவிரிப்பு போட்டிருந்தார்கள். பழத்தட்டு இருந்தது. புகைப்படக்காரர் இருந்தார். ருயீ அந்த வாளித் தண்ணீரில் ஒரு குப்பியும் பைக்குள்ளிருந்ததில் ஒரு குப்பியும் எடுத்துவந்து மேசை மேல் வைத்தாள்.

"சார், மன்னிச்சுடுங்க. கையெழுத்து போடாதீங்க."

டார்ச்சைப் போட்டுக் காட்டினாள். மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். நீலம் கார்பனுடையது அல்ல. தப்பு என்னுடையது. பத்திரிகைக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

 புகைப்படக்காரர் கேமராவை மெல்லக் கீழே இறக்கினார். வென் சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஷென்ஜென்காரர்களில் மூத்தவர் லெய் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் பெங், நேத்து நான் போன் பண்ணினப்போ நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

லெய் எழுந்தான். அவன் நழுவிவிடுவான் என்று ருயீ நினைத்தாள். நழுவ வழியும் இருந்தது.

"எனக்கு முந்தாநாளே தெரியும்" என்றான். "மறைச்சுடலாம்னு இவங்ககிட்ட சொன்னதே நான்தான். இவங்க கேட்கல. இந்த அறையில வெட்கப்பட வேண்டிய ஆள் நான்தான், இவங்க இல்ல."

அதைச் சொல்லச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை! யாருக்கும் தெரியவே தெரியாது!  ஆலோசகராக அவனை அழைத்திருந்த கம்பெனிக்காரர் அவன் பெயரட்டையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். அவ்வளவுதான், அந்த வேலையும் போயிற்று.

எல்லோரும் போன பிறகு வென் சார் பழத்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளும்."

"தெரியும் சார்."

"அவசரப்படுத்தினது நான்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."

அப்போதுதான் ருயீக்கு அழுகை வந்தது. ஆப்பிள் துண்டைக் கடித்துக்கொண்டே அழுதாள்.

*

பழுப்புக் கசண்டைக் கொட்ட மனசு வரவில்லை. கரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்... ஆனால் ஒரு சந்தேகம். நீலம் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தவரை அதற்கு அடியில் வேறு எதுவும் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா? புற ஊதா வெளிச்சத்தில் தூங்குவது வேறு வெளிச்சத்தில் விழிக்கலாம் இல்லையா?

அதைப் பார்க்கும் கருவி ஒன்றே ஒன்றுதான். அது அவன் வேலை செய்கிற லேசர் அறையில் இருந்தது.

போக ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் ஓயாங்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

லெய் கதவைத் திறந்தான். குப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"உங்க லேசர் வேணும்" என்றாள் ருயீ விறைப்பாக. "நீங்க வேண்டாம். லேசர் மட்டும்."

"ரெண்டும் சேர்த்துத்தான் கிடைக்கும். என்னை விட்டா அது யார் பேச்சும் கேட்காது."

"சரி... தொலையட்டும்."

பச்சை லேசரை விட்டுப் பார்த்தார்கள். திரையில் கோடு தட்டையாக ஊர்ந்தது... ஊர்ந்தது... பிறகு வலதுபக்க ஓரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சின்ன மேடு எழுந்தது.

"சிவப்பு!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ருயீ அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிடித்திருப்பது கை என்று புரிந்ததும் நெருப்பைத் தொட்டாற்போல் விட்டாள்.

மங்கல்தான். பேப்பரில் வருகிற அளவுக்கு ஒன்றுமில்லை. எத்தனை நாள் தண்ணீர் மாற்றினாலும் அந்தச் சிவப்பு பையை விட்டுக் கசியவில்லை, அவ்வளவுதான் அதன் பெருமை. பிறகு தினமும் பகலெல்லாம் அந்த அறையில்தான் இருவரும். படலம் பூசி, மின்சாரம் கொடுத்து, எரியாமல் போய், திரும்பப் பூசி... மதியத்தில் கேன்டீனில் ஒரே தட்டில் இனிப்புப் பன்றி வறுவல்.

"இதென்ன, சமையலா, மிட்டாயா? உங்க ஊர்ல மிளகாய்ன்னு ஒண்ணு முளைக்கவே முளைக்காதா?"

"உங்க ஊர்ல நாக்குன்னு ஒண்ணு மிச்சம் இருக்கா?"

இப்படித்தான் பேசினார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. சில சமயம் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் சட்டென்று அவள் பக்கம் திரும்புவான். ஏதோ சொல்ல வருவான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். திரும்பப் போட்டுக்கொள்வான். அந்தக் கண்களுக்குள் ஒரு வார்த்தை வந்து நின்று நின்று திரும்பிப் போவதை அவள் பார்த்தாள். சொல்லுங்களேன்... என்று மனசு அடித்துக்கொள்ளும். வாயோ, "அந்தக் கம்பியை எடுங்க" என்று சொல்லும்.

ஒரு மாசம் எப்போதோ கழிந்துபோயிருந்தது. எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை லேசர் அறை பூட்டியிருந்தது.

ஓயாங் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா! விருந்தினர் விடுதியில விசாரிச்சேன். பெரிய பெட்டி, ரெண்டு மூட்டை, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாராம்! சாங்ஷா ரயிலாம்!"

ருயீயின் கையிலிருந்த முகவை நழுவிச் சுக்குநூறாகியது.

சொல்லாமலா? ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா?

எப்படி டாக்ஸி பிடித்தாள், எவ்வளவு கொடுத்தாள், எதுவும் நினைவில்லை. ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டோடு, ரப்பர் செருப்போடு ஸ்டேஷன் வாசலில் இறங்கினாள். சோதனை வாசலுக்கு நீண்ட வரிசை. வரிசையில் நிற்காமல் தடுப்பைத் தாண்ட விடமாட்டார்கள். எம்பி எம்பிப் பார்த்தாள்... அதோ! பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு, தோளில் மூட்டையோடு, வாசலை நெருங்கிக்கொண்டிருந்தான்.

"பெங் லெய்!"

ஸ்டேஷனே திரும்பியது. அவனும் திரும்பினான்.

"போகாதீங்க!" தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் ருயீ. "போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்! இத்தனை நாள் சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்கினதையும் சொல்லிட்டுப் போங்க! நீங்க சொல்லலைன்னா நானே சொல்றேன்... எனக்கு உங்களைப் பிடிக்கும்! ரொம்பப் பிடிக்கும்! அந்தக் கேள்வியைத் தவிர மத்ததெல்லாம் பிடிக்கும்... இல்ல, அந்தக் கேள்வியும்தான்!"

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பாதுகாவலர் கையிலிருந்த சோதனைக் கருவியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார். லெய் சிலையாகிவிட்டான். காது மடல்வரை சிவந்துபோய், பெட்டியை விட்டுவிட்டு மெதுவாகத் தடுப்பருகே வந்தான்.

"ருயீ..."

"என்ன?"

"நான் எங்கயும் போகல."

"பொய். பெட்டி?"

"அம்மாவோடது."

"...என்னது?"

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பூப்போட்ட சட்டையும் சுருட்டை முடியுமாக ஒரு குள்ளமான அம்மாள் தலையை நீட்டினாள். கையில் காளான் பொட்டலம். இந்த ஊர்ப் பக்கம் வந்தவர்கள் வாங்காமல் போவதில்லை. ருயீயை மேலிருந்து கீழே ரப்பர் செருப்புவரை நிதானமாகப் பார்த்தாள்.

 பூமி பிளந்தால் குதித்துவிடலாம். பிளக்கவில்லை.

"ஆ... ஆன்ட்டி... வணக்கம்..."

"இவதானா?" என்று அம்மாள் மகனைக் கேட்டாள். "நான் உன்னைப் பார்க்க வந்த நாலு நாளா சாப்பிடும்போதெல்லாம் சிவப்பு சிவப்புன்னு பேசினியே, இடையில ருயீ ருயீன்னு... நான்கூட ரெண்டும் ஒரே சாமான்னு நினைச்சுட்டேன்."

"அம்மா!"

"குரல் நல்ல கணீர்னு இருக்கு. வீட்டுல ஒருத்தராவது வாயைத் திறந்து பேசணும்ல? உங்கப்பாவும் நீயும் ஊமைக்கோட்டானுங்க."

ருயீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியே அவனைப் பார்த்தாள். "ஒரு மாச வேலை எப்பவோ முடிஞ்சாச்சே... அப்புறம் எதுக்கு இங்கேயே இருக்கீங்க?"

"வென் சார்கிட்ட கேட்டேன். ரெண்டு வருஷம் இங்கயே இருக்கச் சொல்லிட்டார். உன்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன். ஆனா..." அவன் குரல் தணிந்தது. "என் மேல மதிப்பு போச்சுன்னு சொன்னல்ல... அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்ட எதைக் கேட்கறது?"

"மக்கு!" ருயீயின் கண்கள் நிறைந்துவிட்டன. "அது அந்தக் கூட்டத்துலயே திரும்பி வந்தாச்சு. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னீங்களே, அப்பவே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல."

"இதைக்கூடப் பார்க்கத் தெரியாம என்ன டாக்டரோ!"

அவன் சிரித்தான். கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கப்போகிறான், திரும்பவும் முழுங்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுவிட்டு, தடுப்புக்கு மேலாகக் கை நீட்டி அவள் கையைப் பிடித்தான். வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ருயீ..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

ஒலிபெருக்கி சாங்ஷா ரயிலை அறிவித்தது. அம்மாள் காளான் பொட்டலத்தால் அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"ரயில் போயிடும்டா! அவ இவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்டா. நீ சொல்றதைக் கேட்காம நான் ஏற மாட்டேன். சீக்கிரம் சொல்லித் தொலை!"

"எனக்கும் உன்னைப் பிடிக்கும்" என்றான் லெய், ஸ்டேஷன் கூரை அதிர. அவனுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்ததா என்று அவன் அம்மாவே திகைத்துப்போனாள்.